வன்னி வானத்தில் இராணுவச் செய்மதிகளைப் பார்த்துப் பதிவது எப்படி

விண்வெளியில் வல்லரசுகள் கொடுத்த வாக்குறுதிகளில் எதைத் தரையிலிருந்து சரிபார்க்கலாம், எதை முடியாது? இதற்கு விடை தேட, ஐ.நா. ஆயுதக் குறைப்பு மாநாடு கூடும் ஜெனீவாவுக்குப் போகவேண்டியதில்லை. பைனாகுலர், நிறுத்தற் கடிகாரம், வரைபுத் தாள், இருட்டான வானம் ஆகிய நான்கும் போதும். முதல் மூன்றையும் ஒரு பாடசாலை விஞ்ஞானக் கழகம் சேர்த்துவிடலாம். நான்காவது, முல்லைத்தீவு, மாங்குளம், துணுக்காய் பக்கங்களில் இன்னும் கெடாமல் இருக்கிறது. உயர்தரத்தில் பௌதிகவியலும் இணைந்த கணிதமும் படிக்கும் பிள்ளைகளையும் அவர்களுக்கு வழிகாட்டும் ஆசிரியர்களையும் மனதில் வைத்து இது எழுதப்பட்டது.

பாடசாலைப் பிள்ளைகளால் இது முடியுமா என்று யாரும் கேட்டால், 1966ஆம் ஆண்டைச் சொல்லுங்கள். இங்கிலாந்தின் கெற்றரிங் நகரப் பாடசாலையில் பௌதிகவியல் ஆசிரியர் ஜெஃப்ரி பெரியும் அவருடைய மாணவர்களும் சோவியத் கொஸ்மொஸ் செய்மதிகளின் வானொலிச் சமிக்ஞையைக் கேட்டு, நேரத்தைக் குறித்து, கணக்குப் போட்டார்கள். மொஸ்கோ வெளியே சொல்லாமல் வைத்திருந்த பிளெசெற்ஸ்க் ஏவுதளம் அந்தக் கணக்கில்தான் வெளிப்பட்டது.

எது தடை, எது தடையில்லை

1967இன் விண்வெளி ஒப்பந்தத்தில் 4ஆவது உறுப்புரையை முதலில் வாசியுங்கள். அணு ஆயுதம் உள்ளிட்ட பேரழிவு ஆயுதங்களைப் பூமியைச் சுற்றும் பாதையில் வைக்கக்கூடாது, சந்திரனிலும் பிற கோள்களிலும் இராணுவத் தளம் அமைக்கவோ ஆயுதம் பரிசோதிக்கவோ கூடாது என்று அது சொல்கிறது. உளவுச் செய்மதிக்குத் தடையில்லை. சுற்றுப்பாதையில் சாதாரண ஆயுதம் வைக்கத் தடையில்லை. தரையிலிருந்து ஏவுகணை விட்டுச் செய்மதியை உடைக்கவும் அதில் தடையில்லை. விண்வெளியில் அணுகுண்டு வெடிப்பதை மட்டும் அதற்கு முன்பே 1963இன் ஒப்பந்தம் நிறுத்தியிருந்தது. அதற்கு முந்திய ஆண்டு, 1962 யூலை 9இல், அமெரிக்கா பசுபிக் கடலுக்கு மேலே 400 கி.மீ. உயரத்தில் 1.4 மெகாதொன் குண்டை வெடித்தது. அதன் கதிர்வீச்சில் தெல்ஸ்டார் என்ற தொலைத்தொடர்புச் செய்மதி உட்படப் பல செய்மதிகள் பழுதாகின, அமெரிக்காவின் சொந்தச் செய்மதிகளும் அதில் அடக்கம். கட்டுப்பாடு வந்ததற்கு அந்த அனுபவமும் ஒரு காரணம்.

ஏவுகணைக்கு விட்ட இடைவெளி வழியாக வந்தவை இவை. 1985இல் அமெரிக்கா போர் விமானத்திலிருந்து ஏவி ஒரு செய்மதியை உடைத்தது. 2007 ஜனவரியில் சீனா தன் பழைய வானிலைச் செய்மதி ஃபெங்யுன்-1சியை ஏறத்தாழ 865 கி.மீ. உயரத்தில் உடைத்தது. 2008 பெப்ரவரியில் மறுபடி அமெரிக்கா, ஏறத்தாழ 250 கி.மீ. உயரத்தில். 2019 மார்ச் 27இல் இந்தியா, ஏறத்தாழ 280 கி.மீ. உயரத்தில். 2021 நவம்பர் 15இல் ரஷ்யா தன் கொஸ்மொஸ் 1408ஐ 480 கி.மீ. அளவில் உடைத்தபோது, சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருந்தவர்கள், ரஷ்யர்களும் சேர்த்து, தங்கள் கலங்களுக்குள் ஒதுங்கவேண்டி வந்தது.

2022 ஏப்ரலில் அமெரிக்கா இனி இப்படி உடைத்துப் பரிசோதிப்பதில்லை என்று அறிவித்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை எல்லா நாடுகளையும் அதே உறுதியைத் தரும்படி கேட்டது. 155 நாடுகள் ஆதரித்தன, 9 எதிர்த்தன. ரஷ்யாவும் சீனாவும் எதிர்த்தவற்றில் அடங்கும், இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. விண்வெளியில் ஆயுதப் போட்டியைத் தடுக்கும் தீர்மானத்தைப் பல பத்தாண்டுகளாகப் பொதுச்சபையில் மாறி மாறி முன்வைத்து வருபவை எகிப்தும் இலங்கையும் என்பதை வகுப்பில் கட்டாயம் சொல்லுங்கள். எங்கள் பிள்ளைகளுக்கு அது தெரிந்திருக்கவேண்டும்.

இடமும் நேரமும்

பாடசாலை மைதானம், கோயில் முன்றல், பழகிய கடற்கரை, நெற்களம் போன்ற இடங்களே நல்லவை. சிவப்புப் பலகை நட்ட காணிக்கும், கண்ணிவெடி அகற்றி முடித்தார்களா என்று ஊருக்கே தெரியாத பற்றைக்கும் பகலில்கூடப் போகாதீர்கள். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கமென்றால் யானை நடமாட்டத்தை ஊரவர்களிடம் கேட்டு, வாகனமோ கட்டடமோ எட்டும் தூரத்தில் நில்லுங்கள். இராணுவ முகாம் தெரியும் இடத்தில் பைனாகுலரைத் தூக்கவே வேண்டாம். கிராம அலுவலருக்கும் அதிபருக்கும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பச்சை லேசர் ஒளிக்கற்றையால் வானத்தைச் சுட்டிக் காட்டும் பழக்கம் இங்கே கூடாது, விமானிகளின் கண்ணுக்கு அது ஆபத்து. இன்னொன்று: யுத்த காலத்தில் வண்டு என்று நாங்கள் அழைத்த ஆளில்லா வேவு விமானத்தின் சத்தம் கேட்டுப் பதுங்குகுழிக்கு ஓடிய அம்மாக்களுக்கும் அப்பம்மாக்களுக்கும், பிள்ளைகள் இரவில் வானத்தைப் பார்த்து நேரம் எழுதுவது மனதை உறுத்தலாம். முதல் நாள் அவர்களையும் கூட்டி வந்து காட்டுங்கள்.

செய்மதிக்குச் சொந்த ஒளி இல்லை. தரையில் இருட்டியிருக்கவேண்டும், மேலே செய்மதியில் வெயில் படவேண்டும். எங்கள் அகலாங்கு 9 பாகை சொச்சம் என்பதால் சூரியன் செங்குத்தாக இறங்குகிறது, பூமியின் நிழலும் வேகமாக மேலேறுகிறது. தலைக்கு நேர் மேலே 400 கி.மீ. உயரத்தில் போகும் பொருள் சூரிய அத்தமனத்திலிருந்து ஏறத்தாழ 80 நிமிடம் வரையே தெரியும். 800 கி.மீ. என்றால் 110 நிமிடம், 1,100 கி.மீ. என்றால் இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்று மேல். அத்தமனம் முடிந்து முதல் அரை மணித்தியாலம் வானம் இன்னும் வெளிச்சம். ஆகவே தாழ்ந்த செய்மதிகளுக்கு உங்களிடம் ஐம்பது நிமிடம்தான் இருக்கிறது, விடியலுக்கு முன் அதே அளவு. கிளிநொச்சியில் அத்தமனம் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 5.45க்கும் 6.35க்கும் இடையில் வருகிறது. ஐரோப்பியர்கள் எழுதிய வழிகாட்டிகள் கோடையில் இரவு முழுக்கப் பார்க்கலாம் என்று சொல்லும். அது அவர்களுடைய அகலாங்குக்கு உரியது, எங்களுக்குப் பொருந்தாது.

பெப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை வானம் சிறந்தது. காலபோக அறுவடை முடிந்து வைக்கோல் எரிக்கும் நாட்களில் அடிவானம் புகைமூட்டமாக இருக்கும், 20 பாகைக்குக் கீழே பார்ப்பதை விடுங்கள். சோளகக் காலத்திலும் தெளிந்த இரவுகள் நிறைய உண்டு, ஆனால் காற்றில் கை ஆடும், சுவரில் சாய்ந்து நில்லுங்கள். ஒக்டோபரிலிருந்து டிசம்பர் வரை கணக்கு வேலைக்கு ஒதுக்குங்கள்.

7×50 பைனாகுலர் (7 மடங்கு உருப்பெருக்கம், 50 மி.மீ. வில்லை) போதுமானது. 10×50 கொஞ்சம் மங்கலான பொருளையும் காட்டும், ஆனால் தாங்கியில்லாமல் நடுங்கும். ரோச் லைற்றின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டுங்கள். கைபேசித் திரையை ஒருமுறை பார்த்தால் கண் மறுபடி இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாகும்.

எது வருகிறது என்று கண்டுபிடிப்பது

வருகை நேரங்களை ஹெவன்ஸ்-அபவ் இணையத்தளத்தில் எடுக்கலாம். இடத்தை ஊர்ப் பெயரால் கொடுக்காதீர்கள், கைபேசியின் ஜிபிஎஸ் காட்டும் அகலாங்கையும் நெட்டாங்கையும் நான்கு தசமத்தானத்துக்குக் கொடுங்கள். கிளிநொச்சி நகரம் ஏறத்தாழ 9.38 வடக்கு, 80.40 கிழக்கு. முல்லைத்தீவு 9.27, 80.81. இரண்டுக்கும் இடையிலான தூரமே நட்சத்திரப் பின்னணியில் செய்மதியைப் பல பாகை நகர்த்திவிடும்.

ஒவ்வொரு செய்மதியின் பாதையையும் விவரிக்கும் சுற்றுப்பாதை எண்களைச் செலஸ்ட்ராக், ஸ்பேஸ்-ட்ராக் ஆகிய இணையத்தளங்கள் இலவசமாகத் தருகின்றன. ஆனால் அந்தப் பட்டியலைத் தயாரிப்பது அமெரிக்க விண்வெளிப் படை. சீன, ரஷ்ய, இந்திய இராணுவச் செய்மதிகளின் எண்கள் அதில் இருக்கும், அமெரிக்காவின் இரகசியச் செய்மதிகளின் எண்கள் இருக்காது. போட்டியில் நிற்கும் ஒரு தரப்பின் பதிவேட்டை மட்டும் வைத்து மற்றத் தரப்பை மதிப்பிடுவது நியாயமில்லை. அந்தக் குறையை நிரப்புகிறவர்கள் கனடாவிலும் நெதர்லாந்திலும் வேறு நாடுகளிலும் கண்ணாலும் கமராவாலும் பார்த்து எண்களைக் கணித்து வெளியிடும் ஆர்வலர்கள். அவர்களுடைய கோப்பை ஸ்டெல்லேரியம் மென்பொருளில் செய்மதிகளுக்கான பகுதியில் ஏற்றலாம். இப்படிப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் வடக்கே இருக்கிறார்கள். 9 பாகையிலிருந்து போகும் அளவீடு அரிது, அதனால் மதிப்பும் கூட.

எண் கையில் இல்லாமல் ஒன்று கடந்து போனால் இரண்டு விடயங்களைக் குறியுங்கள்: திசை, வேகம். திசை சுற்றுப்பாதையின் சாய்வை, அதாவது பாதை பூமியின் நடுக்கோட்டோடு அமைக்கும் கோணத்தை, சொல்லும். வன்னியில் தலைக்கு மேலாக வடக்கு நோக்கிப் போகும் பொருள், சாய்வு 35 பாகையானால் வடக்கிலிருந்து கிழக்காக ஏறத்தாழ 54 பாகை விலகிப் போகும். 51.6 பாகைச் சாய்வுள்ள விண்வெளி நிலையம் 36 பாகை விலகும். 63.4 ஆனால் 23 பாகை. துருவங்களைத் தொட்டுச் சுற்றும் 98 பாகைச் சாய்வு மேற்காக 12 பாகை விலகும், படம் பிடிக்கும் செய்மதிகள் பெரும்பாலும் இந்த வகை. கிழக்கிலிருந்து மேற்காக நன்றாகச் சரிந்து போனால் கவனியுங்கள். பூமியின் சுழற்சிக்கு எதிராக ஏவுவது எரிபொருளைத் தின்னும் வேலை, அதைச் செய்பவர்கள் மிகக் குறைவு: 123 பாகையில் அமெரிக்க ரேடார் உளவுச் செய்மதிகள், 141 பாகை அளவில் இஸ்ரேலின் ஒஃபெக் உளவுச் செய்மதிகள்.

வேகத்துக்குக் கையை நீட்டி விரல்களை மடக்கி முட்டி பிடியுங்கள், அதன் அகலம் ஏறத்தாழ 10 பாகை. தலைக்கு மேலே அந்த அகலத்தைக் கடக்க 9 வினாடி எடுத்தால் உயரம் 400 கி.மீ. அளவு. 19 வினாடி என்றால் 800, 26 வினாடி என்றால் 1,100. அடிவானத்துக்குப் பக்கத்தில் இந்தக் கணக்கு பொய்க்கும்.

63.4 பாகையில், 1,100 கி.மீ. உயரத்தில், இரண்டு மங்கலான புள்ளிகள் இடைவெளி மாறாமல் சேர்ந்து போனால் அவை கப்பல்களின் ரேடார், வானொலி அலைகளைக் கேட்டு இடம் கணிக்கும் அமெரிக்கச் சோடி. மூன்று புள்ளிகள் முக்கோணமாகப் போனால் பெரும்பாலும் சீனாவின் யாவ்கன் உளவுச் செய்மதிகள். ஒரே வேலைக்கு இரண்டு போட்டியாளர்களும் ஒரே சாய்வையும் ஒரே உயரத்தையும் தேர்ந்திருப்பதை உங்கள் பைனாகுலரிலேயே காணலாம். சிவப்பு, பச்சை விளக்கு தெரிந்தால் விமானம். சீராக மின்னி மின்னி அணைந்தால் பெரும்பாலும் உருண்டுகொண்டிருக்கும் பழைய ரொக்கெட் உடல்.

நேரமும் இடமும் அளப்பது

இதுதான் வேலையின் நெஞ்சு. மூன்று பேர் வேண்டும்: பார்ப்பவர், கடிகாரக்காரர், எழுதுபவர். வருகைக்குப் பத்து நிமிடத்துக்கு முன் பாதையில் இருக்கும் இரண்டு நட்சத்திரங்களைத் தேர்ந்து, பைனாகுலரின் பார்வைக்குள் இரண்டும் அடங்குமாறு பிடியுங்கள். இரண்டுக்கும் இடையே 7 பாகைக்கு மேல் வேண்டாம், 2 பாகைக்குள் அமைந்தால் மிக நல்லது. செய்மதி அவற்றை இணைக்கும் கற்பனைக் கோட்டை வெட்டும் கணத்தில் கடிகாரத்தை அழுத்தவேண்டும். வெட்டிய இடம் கோட்டில் எத்தனை பங்கு என்பதை உடனே வாய்விட்டுச் சொல்லவேண்டும். பிறகு யோசித்தால் மனம் அதை நடுவுக்கு இழுத்துவிடும்.

ஓர் உதாரணம், இதில் நட்சத்திர இடைவெளி 7.5 பாகை, வரம்பைச் சற்றுத் தாண்டியது, கணக்கு விளங்க மட்டும். மாசி மாத மாலையில் ஒரு செய்மதி திருவாதிரைக்கும், ஓரியன் நட்சத்திரக் கூட்டத்தில் மற்றத் தோளான பெலட்ரிக்ஸுக்கும் இடையே, திருவாதிரையிலிருந்து மூன்றில் ஒரு பங்கில் வெட்டுகிறது. திருவாதிரையின் வல ஏற்றம் (வானத்தின் நெட்டாங்கு போன்றது) 5 மணி 55.2 நிமிடம், நடுவரை விலக்கம் (வானத்தின் அகலாங்கு போன்றது) வடக்கு 7 பாகை 24 கலை. பெலட்ரிக்ஸ் 5 மணி 25.1 நிமிடம், 6 பாகை 21 கலை. வித்தியாசத்தில் மூன்றில் ஒன்றைக் கழித்தால் செய்மதி நின்ற இடம் 5 மணி 45.2 நிமிடம், 7 பாகை 3 கலை. இதையும் நேரத்தையும் உங்கள் ஆயங்களையும் சேர்த்தால் ஓர் அளவீடு முடிந்தது. ஒரு கடப்பில் இப்படி மூன்று எடுத்தால் நல்லது.

பிழை எங்கே நுழைகிறது? பெரும்பாலும் கடிகாரத்தில். செய்மதி வினாடிக்கு ஏறத்தாழ 7.5 கி.மீ. போகிறது. கைபேசி நேரம் ஒரு வினாடி பிசகினால் செய்மதியை 7.5 கி.மீ. தள்ளி எழுதிவிடுவீர்கள். ஜிபிஎஸ் நேரம் காட்டும் செயலியோடு ஒத்துப் பார்த்த பிறகே தொடங்குங்கள், முடிந்த பின்பும் ஒருமுறை பாருங்கள். இலங்கை நேரத்திலிருந்து 5 மணி 30 நிமிடம் கழித்து உலக நேரத்தில் எழுதவேண்டும். விடியற்காலை 5.30க்கு முந்திய பதிவில் திகதியும் ஒரு நாள் பின்னே போகும், இந்த இடத்தில்தான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். அழுத்தும் விரல் கால் வினாடி பிந்துவது இயல்பு. அது ஒவ்வொருவருக்கும் ஓரளவு நிலையானது என்பதால், எண் துல்லியமாகத் தெரிந்த விண்வெளி நிலையத்தை வைத்துப் பழகி, உங்கள் பிந்தலைக் கண்டு கழியுங்கள். தை, மாசியில் பனி ஈரம் வில்லையில் படிந்து நட்சத்திரத்தை ஊதிக் காட்டும். பருத்தித் துணியால் ஒற்றுங்கள், தேய்க்காதீர்கள்.

உடைந்த செய்மதியை வரைபுத் தாளில் காண்பது

சிதறல் துண்டுகள் கண்ணுக்குத் தெரியாது, எண்களில்தான் தெரியும். செலஸ்ட்ராக்கில் ஃபெங்யுன்-1சி சிதறல்களின் பட்டியலைத் திறந்து ஐம்பது துண்டுகளை எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி. இரண்டாம் வரியில் 9 முதல் 16 வரையான எழுத்து இடங்கள் சாய்வு. 27 முதல் 33 வரை மையவகற்சி (பாதை வட்டத்திலிருந்து எவ்வளவு நீண்டிருக்கிறது என்ற அளவு), அங்கே தசமப்புள்ளி அச்சிடப்படுவதில்லை: 0300000 என்றால் 0.03. அடுத்து 53 முதல் 63 வரை ஒரு நாளில் சுற்றும் தடவை.

சுற்றுத் தடவையை 2/3 அடுக்குக்கு உயர்த்தி, 42,241ஐ அதால் வகுத்தால் பாதையின் அரைப் பேரச்சு, அதாவது நீள்வட்டத்தின் நீண்ட அச்சில் பாதி, கிலோமீற்றரில் கிடைக்கும். 13.5 தடவை சுற்றும் துண்டுக்கு அது 7,450. மையவகற்சி 0.03 ஆனால் 7,450ஐ 1.03ஆல் பெருக்கி, பூமியின் ஆரை 6,378ஐக் கழித்தால் உச்ச உயரம் ஏறத்தாழ 1,296 கி.மீ. அதேபோல 0.97ஆல் பெருக்கிக் கழித்தால் மிகக் குறைந்த உயரம் 849. ஒரு சுற்றுக்கான நேரம் 1,440ஐ 13.5ஆல் வகுத்தால் 106.7 நிமிடம். கிடை அச்சில் இந்த நேரம், நிலை அச்சில் உயரம். ஒரே நேரத்துக்கு நேரே உச்சத்துக்குச் சிவப்புப் புள்ளி, தாழ்வுக்கு நீலப் புள்ளி.

ஐம்பதையும் வைத்தால் தாளில் ஒரு சாய்ந்த பெருக்கல் குறி எழும். வேகம் கூடித் தெறித்த துண்டுகளின் நீலப் புள்ளிகள் வலப்பக்கம் கிடையாக ஓடும், சிவப்புப் புள்ளிகள் மேலேறும். வேகம் குறைந்தவை இடப்பக்கம் கீழே சரியும். இரண்டு கைகளும் வெட்டும் உயரமே அடி விழுந்த உயரம், இங்கே 865 கி.மீ. அளவு. இடப்பக்கக் கை தொய்ந்து தேய்ந்திருந்தால், காற்றின் உராய்வு தாழ்ந்த துண்டுகளை விழுத்தத் தொடங்கிவிட்டது என்று பொருள். 480 கி.மீ. உயரத்தில் உடைந்த கொஸ்மொஸ் 1408இன் துண்டுகளில் பெரும்பாலானவை சில ஆண்டுகளில் விழுந்துவிட்டன. சீனத் துண்டுகளில் பெரும்பாலானவை இன்னும் சுற்றுகின்றன, இன்னும் பல பத்தாண்டுகள் சுற்றும். உயரத்தைத் தேர்ந்தவரே கெடுதியின் ஆயுளையும் தேர்ந்திருக்கிறார். இந்தியாவின் பரிசோதனை தாழ்வில் நடந்தும், மேல்நோக்கித் தெறித்த துண்டுகள் விண்வெளி நிலையத்தின் உயரத்தைத் தாண்டின. மூன்று மாதம் கழியுமுன், அதே நிலையத்திலிருந்து இலங்கையின் முதற் சிறு செய்மதி இராவணா-1 வெளியே விடப்பட்டது.

இந்தத் தாளை வைத்துக்கொண்டு இரண்டு முன்மொழிவுகளை ஒப்பிடுங்கள். உடைத்துப் பரிசோதிப்பதில்லை என்ற உறுதியை மீறினால் நூற்றுக்கணக்கான துண்டுகள் பட்டியலில் ஏறும், யாராலும் மறைக்க முடியாது. 2008இலும் 2014இலும் ரஷ்யாவும் சீனாவும் முன்வைத்த வரைவு, விண்வெளியில் ஆயுதம் வைப்பதைத் தடுக்கிறது. ஆனால் எப்படிச் சரிபார்ப்பது என்று சொல்லவில்லை, தரையிலிருந்து ஏவும் ஏவுகணையையும் தொடவில்லை. எங்கள் மதிப்பீட்டில் முதலாவதே உறுதியானது. அதை முதலில் அறிவித்த நாடு தன் பரிசோதனைகளை ஏற்கனவே முடித்துக்கொண்டு, ஏவுகணைகளையும் கையில் வைத்துக்கொண்டுதான் அறிவித்தது என்பதையும் பிள்ளைகளுக்கு மறைக்காமல் சொல்லவேண்டும்.

கண்டதை எவ்வளவு தூரம் சொல்லலாம்

2020 ஜனவரியில் ரஷ்யாவின் கொஸ்மொஸ் 2542, அமெரிக்க உளவுச் செய்மதி ஒன்றின் பாதையோடு தன் பாதையை ஒத்துவைத்துப் பின்தொடர்ந்தது. ஆர்வலர்கள் அதை வெளிப்படையாக எழுதினார்கள். 2022 ஜனவரியில் சீனாவின் ஷிஜியான்-21, செத்துப்போன பெய்டோ என்ற தன் நாட்டு வழிகாட்டிச் செய்மதியை இழுத்துப்போய் உயரே ஒதுக்கிவிட்டது. பழுதானதை அகற்றும் கை, பிறருடையதையும் பிடிக்கலாம். பாதை மாறியது என்பது அளவீடு, தாக்கப்போகிறது என்பது ஊகம். பதிவேட்டில் இரண்டையும் ஒரே வசனத்தில் எழுதவேண்டாம். உள்ளே அணு ஆயுதம் இருக்கிறதா என்பதை எந்தப் பைனாகுலரும் காட்டாது. 2024 ஏப்ரலில், சுற்றுப்பாதையில் அணு ஆயுதம் வேண்டாம் என்ற தீர்மானத்தைப் பாதுகாப்புச் சபையில் ரஷ்யா வீட்டோவால் நிறுத்தியபோது, அப்படி ஓர் ஆயுதத்தை அது தயாரிக்கிறதா என்று எழுந்த சந்தேகத்தைத் தரையிலிருந்து தீர்க்க வழியில்லை.

வரவேண்டியது வராவிட்டால் அதையும் பதியுங்கள்: திகதி, எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை, எந்த நட்சத்திரத்துக்கு அருகில், முகில் எவ்வளவு. முன்பும் பின்பும் ஐந்து நிமிடம் பார்வையை எடுக்காதீர்கள். ஒரு நிமிடம் பிந்தி வந்தால் பாதை உயர்த்தப்பட்டிருக்கலாம். எண்கள் மூன்று நாள் பழையவை, செய்மதி 1,100 கி.மீ. உயரத்தில் நாளுக்கு 13.4 தடவை சுற்றுவது என்றால், 40 சுற்றில் 60 வினாடி பிந்தல், சுற்றுக்கு 1.5 வினாடி. ஒரு சுற்று 6,436 வினாடி, அரைப் பேரச்சு 7,478 கி.மீ. 1.5ஐ 6,436ஆல் வகுத்து, 7,478ஆலும் 2/3ஆலும் பெருக்கினால் 1.2 கி.மீ. வரும். எண்கள் எடுத்த உடனேயே எஞ்சின் இயங்கியிருந்தால் பாதை அவ்வளவு உயர்ந்திருக்கிறது, பிந்தி இயங்கியிருந்தால் அதைவிடக் கூட. தாழ்ந்த செய்மதிக்கு எண்கள் ஒரு வாரம் பழசானாலே எஞ்சின் இயங்காமலும் நேரம் பிசகும். ஆகவே அடுத்த இரண்டு மாலைகளிலும் அளந்து, பிந்தல் ஒரே அளவில் கூடிக்கொண்டு போகிறதா என்று பார்த்த பிறகே பாதை மாறியது என்று எழுதுங்கள்.